தகாத வார்த்தைகள்: யாருக்குத் தகாதவை?

"தகாத வார்த்தைகளால் திட்டி, கையால் தாக்கி, கொலை மிரட்டல் விடுத்ததாக..." விழுப்புரம் மாவட்டச் செய்திகளை ஒரு வாரம் தொடர்ந்து படிப்பவருக்கு இந்தத் தொடர் மனப்பாடம் ஆகிவிடும். வரப்புத் தகராறு, தண்ணீர்க் குழாய்ச் சண்டை, கடன் பாக்கி, பேருந்தில் இடம் பிடித்த சண்டை என்று எதுவாக இருந்தாலும் புகார் இந்த வாசகத்தில்தான் வந்து நிற்கும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதற்கு 294(பி), 323, 506 என்று மூன்று எண்கள் இருந்தன. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்து எண்கள் மாறிவிட்டன. வாசகம் மாறவில்லை.

கையால் அடித்தாரா, கட்டையால் அடித்தாரா என்று புகார் சொல்லும். காயம் எத்தனை என்று மருத்துவர் எழுதுவார். திட்டிய வார்த்தை எது என்பது மட்டும் பல நேரங்களில் எழுதப்படாது. அந்த இடத்தில் 'தகாத', 'அசிங்கமான', 'ஆபாசமான', 'சொல்லக் கூசும்' என்று ஓர் அடைமொழி வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்தக் கட்டுரை அந்த அடைமொழியைப் பற்றியது. எது தகாதது என்று யார் முடிவு செய்கிறார்கள்? யாருடைய காதுக்கு அது தகாதது? அந்த முடிவால் பெண்கள் எதை இழக்கிறோம்?

தகுதி என்னும் இலக்கணம்

தமிழ் படிக்கும் மாணவிகளுக்கு 'தகாத' என்ற சொல்லின் வேர் தெரிந்ததுதான். தகு, தகுதி, தகவு, தக்கது, தகாதது. நன்னூல் வழக்கை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என்று பிரிக்கிறது. தகுதி வழக்கு மூன்று வகை: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. பலர் முன்னால் சொல்லக் கூடாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். மலம் கழித்து வந்ததைக் கால் கழுவி வந்ததாகச் சொல்வதைப் பள்ளியிலேயே எடுத்துக்காட்டாகப் படித்திருப்போம்.

நன்னூலுக்கு முன்பே தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் எச்சவியலில் இதைப் பேசிவிட்டது. அங்கே அதன் பெயர் அவையல் கிளவி. அவைக்கு உரியது அல்லாத சொல் என்று பொருள். அந்தச் சொல்லை மறைத்துச் சொல்ல வேண்டும் என்கிற தொல்காப்பியம், அடுத்த படியாக ஒரு விலக்கும் தருகிறது. வழக்கத்தில் மருவி நிலைத்துவிட்ட சொல்லை மறைக்கத் தேவையில்லை. உரையாசிரியர்கள் இதற்குக் கால்நடைக் கழிவுகளின் பெயர்களை எடுத்துக்காட்டாகக் காட்டுகிறார்கள். ஒரே கழிவு மனிதருடையது என்றால் மறைக்க வேண்டும். மாட்டினுடையது என்றால் வேண்டாம். ஏனென்றால் அதன் பெயர் எல்லாருடைய நாக்கிலும் புழங்கிவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சொல்லுக்குள்ளேயே அழுக்கு இருக்கிறது என்று நம் இலக்கணம் சொல்லவில்லை. அவை ஒன்று இருக்கிறது, அதில் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் முன் இந்தச் சொல் ஆகாது என்றுதான் சொல்கிறது. சொல் புழங்கிவிட்டால் தடை விலகிவிடும் என்றும் சொல்கிறது. ஆக, தகுதி என்பது சொல்லின் குணம் அன்று. சொல்லுக்கும் அவைக்கும் இடையிலுள்ள உறவு. அவை மாறினால் தகுதியும் மாறும்.

ஆங்கிலத்திலும் கதை இதுதான். நன்னடத்தையைக் குறிக்கும் 'ப்ராப்ரைட்டி', சொத்தைக் குறிக்கும் 'ப்ராப்பர்ட்டி' இரண்டும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. கொச்சை என்று பொருள்படும் 'வல்கர்', பொதுமக்கள் என்று பொருள்தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் நாம் எடுத்தாளும் 'நாகரிகம்' நகரத்திலிருந்து வந்தது. நகரத்தான் அல்லாதவனின் நடத்தை அநாகரிகம். எந்த மொழியிலும் ஒழுங்கீனத்துக்குப் பெயர் வைத்தவர்கள் சொத்தும் நகரமும் உள்ளவர்களாகத்தான் இருந்திருக்கிறார்கள்.

அவைக்குள் வந்த பெண்

அவையில் பெண்ணுக்கு என்ன இடம் என்பதைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. செஞ்சி, திண்டிவனம் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குப் போனால் போதும். துகிலுரிதல் கூத்து விடிய விடிய நடக்கும். திரௌபதி வேடம் மரபாக ஆணுக்குரியது. கட்டியங்காரன் எதை வேண்டுமானாலும் பேசுவான். அவன் பேசும் இரட்டை அர்த்தத்துக்கு ஊரே சிரிக்கும். அது கூத்தின் உரிமை, யாரும் அதைத் தகாதது என்று சொல்வதில்லை.

அந்தக் கதையில் தகாத காரியம் செய்கிறவள் திரௌபதி. தீட்டு நாளில், ஒற்றை ஆடையில், ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும் சபைக்குள் இழுத்துவரப்படுகிறாள். வந்த இடத்தில் அழுதுகொண்டு மட்டும் நிற்காமல், தருமன் தன்னைத் தோற்ற பிறகு என்னைப் பணயம் வைத்தானா, முன்பே வைத்தானா என்று சட்டக் கேள்வி கேட்கிறாள். பீஷ்மருக்கே பதில் சொல்ல முடியவில்லை. தருமம் நுட்பமானது என்று நழுவுகிறார். அவளை இழுத்து வந்தது சபைக்கு இழுக்காகத் தோன்றவில்லை. அவள் வாதம் செய்தது அடாவடியாகத் தோன்றியது. அநியாயத்தைச் செய்கிறவனுக்கு இல்லாத கூச்சத்தை, அதைப் பற்றிப் பேசுகிறவள் மேல் சுமத்துவதுதான் அவையின் பழைய வேலை.

அதே திரௌபதிக்குக் கோயில் கட்டிக் கும்பிடும் மண் இது. 2023இல் விழுப்புரம் அருகே மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் போகக் கூடாது என்ற தகராறு முற்றி, ஜூன் மாதம் கோயிலுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். சபையில் பதில் கிடைக்காதவளின் வாசலிலேயே யாருக்கு உள்ளே இடம் என்ற கேள்வி மறுபடி நின்றது.

சேரிமொழி

தகாத வார்த்தை என்றதும் நம் பேச்சில் உடனே வரும் இன்னொரு பெயர் சேரிமொழி. 'சேரி பாஷை பேசாதே' என்று மகளைக் கண்டிக்காத வீடு ஊர்ப்பக்கம் குறைவு. தொல்காப்பியம் படித்தவர்களுக்கு இந்தச் சொல்லைக் கேட்டால் திடுக்கிட வேண்டும். செய்யுளியலில் 'புலன்' என்ற வனப்புக்கு இலக்கணம் சொல்லும்போது, சேரிமொழியில் செம்மையாக, தேடி ஆராயத் தேவையில்லாமல் பொருள் விளங்கும்படி அமைவது என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. நம் முதல் இலக்கண நூலில் சேரிமொழி என்பது வசவு அன்று. கவிதைக்குத் தகுந்த ஒரு மொழி. தெளிவு அதன் சிறப்பு.

சேரி என்றால் மக்கள் சேர்ந்து வாழும் இடம். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களைப் பொறித்து, ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் கொடுத்தான். தளி என்றால் கோயில். கோயிலைச் சேர்ந்த தெரு தளிச்சேரி. அதே காலத்துக் கல்வெட்டுகளில் கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற பெயர்களும் வருகின்றன. எனவே அந்தக் காலம் பொற்காலம் என்று ஏமாற வேண்டாம். தீண்டாமை அப்போதே கல்லில் ஏறிவிட்டது. ஆனால் 'சேரி' என்ற பின்னொட்டு எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. பிறகு மற்றவர்கள் எல்லாம் தெரு, அக்ரகாரம், நகர் என்று பெயர் மாற்றிக்கொண்டு போய்விட, சேரி ஒருவருக்கே சொந்தமாக்கப்பட்டது. அப்புறம் அது இழிசொல் ஆனது.

இதே கதை நம் கண் முன்னால் இன்னொரு முறை நடந்தது. சேரி என்று சொல்வது மரியாதையாக இல்லை என்று 'காலனி' வந்தது. ஆங்கிலத்தில் அது வெறும் குடியிருப்பு. சென்னையில் 'காலனி' என்று பெயர்ப்பலகை வைத்த நடுத்தர வர்க்கக் குடியிருப்புகள் எத்தனையோ. விழுப்புரம் மாவட்டத்துக் கிராமத்தில் 'காலனிக்காரன்', 'காலனிப் பொண்ணு' என்றால் என்ன பொருள் என்பது எல்லாருக்கும் தெரியும். 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு முதலமைச்சர் சட்டமன்றத்தில், இந்தச் சொல் வசைச்சொல்லாகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவிக்க வேண்டி வந்தது. புதிய சொல் கொண்டுவந்தாலும் அங்கே குடியிருப்பவர் மேலுள்ள வெறுப்பு அதன் மேல் ஒட்டிக்கொள்ளும். சொல் அழுக்காவது அதன் வேரால் அன்று. இந்த விழுப்புரம் நகரத்தில்தான் 1978 ஜூலையில் தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். இந்த மண்ணில் நின்றுகொண்டு சேரி என்பதை மொழிநடை பற்றிய அடைமொழியாக மட்டும் யாரும் பேசிவிட முடியாது.

ஒரே பெண், இரண்டு வழக்குகள்

2005 செப்டம்பரில் தமிழ் 'இந்தியா டுடே' இதழில் நடிகை குஷ்பு சொன்ன கருத்து பெரும் சண்டையானது. திருமணத்துக்கு முன் உறவு கொள்வதானால் பாதுகாப்போடு இருக்க வேண்டும், படித்த ஆண்கள் மணப்பெண்ணிடம் கன்னித்தன்மையை எதிர்பார்க்கக் கூடாது என்பது அவர் சொன்னதன் சாரம். தமிழ்ப் பெண்களின் கற்பை இழிவுபடுத்திவிட்டார் என்று பாட்டாளி மக்கள் கட்சியினரும் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியினரும் போராடினார்கள். மாநிலம் முழுக்கப் பல நீதிமன்றங்களில் வழக்குகள் குவிந்தன. சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை ரத்து செய்ய மறுத்தது. 2010 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் 23 வழக்குகளையும் ரத்து செய்தது. ஒருவர் கருத்துச் சொன்னது குற்றம் ஆகாது, பலருக்குப் பிடிக்கவில்லை என்பதால் அது சட்ட மீறல் ஆகிவிடாது என்பது தீர்ப்பின் அடிப்படை.

அந்தப் போராட்டத்தில் பெண்கள் கைகளில் இருந்தவை துடைப்பமும் செருப்பும். கண்ணியத்தைக் காக்க வந்தவர்கள் கையில் இந்த இரண்டும் ஏன்? துடைப்பத்தால் அடிப்பதும் செருப்பால் அடிப்பதும் நம் சமூகத்தில் ஒருவரைச் சாதிப்படியில் கீழே தள்ளுவதற்கான சடங்கு. வீட்டைக் கூட்டுகிற வேலையும் தோலைத் தைக்கிற வேலையும் யாருக்கு ஒதுக்கப்பட்டன என்று நினைத்துப் பார்த்தால், அந்த இரண்டு பொருள்களும் ஏன் அவமானம் தரும் என்று எதிர்பார்க்கப்படுகின்றன என்பது விளங்கும். ஓர் ஆண்டை வீட்டு முற்றத்தில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போகச் சொல்லப்பட்டவர்களின் பிள்ளைகளும் அன்று ஒரு பெண்ணுக்கு எதிராகச் செருப்பைத் தூக்கினார்கள். வடமாவட்டங்களில் எதிரெதிராக நின்ற இரண்டு கட்சிகளுக்கு அன்று ஒரே மேடை கிடைத்தது. கற்பைக் காப்பதில் ஆண்களுக்குச் சாதிச் சண்டை தடையாக இருப்பதில்லை. அங்கே கெட்ட வார்த்தை எதையும் பேசாத ஒரு பெண் அநாகரிகமானவள். துடைப்பம் தூக்கிய கூட்டம் நாகரிகத்தின் காவலர்கள்.

18 ஆண்டுகள் கழித்து, 2023 நவம்பரில், நடிகர் மன்சூர் அலிகான் நடிகை த்ரிஷாவைப் பற்றிப் பேசிய மோசமான பேச்சு சர்ச்சையானது. காவல்துறை வழக்குப் பதிந்தது. தேசிய மகளிர் ஆணையத்தின் உறுப்பினராக இருந்த குஷ்பு அதைக் கண்டித்தார். அது அவசியமான கண்டனம். அதைத் தொடர்ந்து சமூக வலைத்தளத்தில் தன்னைச் சீண்டிய ஒருவருக்கு எழுதிய பதிலில், உங்களைப் போல் சேரி மொழியில் என்னால் பேச முடியாது என்று பொருள்படச் சொன்னார். எதிர்ப்பு எழுந்ததும், 'செரி' என்றால் பிரெஞ்சு மொழியில் அன்புக்குரியவர் என்று பொருள் என விளக்கம் தந்தார். ஊர்ப் பெயர்களில் சேரி இல்லையா என்றும் கேட்கப்பட்டது. இருக்கிறது. புதுச்சேரியும் சேரிதான், வேளச்சேரியும் சேரிதான். ஆனால் 'வேளச்சேரியில் பேசுவது போல்' என்று யாரும் யாரையும் திட்டுவதில்லை. ஊர்ப் பெயரில் சேரி இடத்தைச் சொல்கிறது. 'சேரிமொழி' என்று திட்டும்போது ஒரு மக்கள் கூட்டத்தின் வாயையே அசிங்கம் என்கிறது.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் சேர்த்து வைத்துப் படிப்பதுதான் பெண்ணியத்துக்கு முக்கியம். ஒன்றில் அவர் பக்கம் நின்று, மற்றொன்றில் எதிர்ப்பக்கம் நிற்பது முரண் அன்று. இரண்டிலும் வேலை செய்தது ஒரே விதிதான். அவை தனக்கு ஒவ்வாதவரைத் தகாதவர் என்று அறிவிக்கிறது. 2005இல் பெண் என்பதால் அவர் அவைக்கு வெளியே தள்ளப்பட்டார். 2023இல் அவர் அவைக்குள் இருந்தார். வெளியே தள்ளுவதற்கு இன்னொருவர் கிடைத்தார். ஒரு பெண்ணை இழிவாகப் பேசிய பிரபல நடிகரின் பேச்சுக்கும் சேரிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இருந்தும் ஆண் திமிருக்கு உவமை தேடிய நாக்கு சேரிக்குத்தான் போனது. பெண்ணின் கண்ணியத்தைக் காக்கும் சொல்லாடல் சாதியின் சொற்களால் கட்டப்பட்டிருக்கும்வரை, தலித் பெண்ணுக்கு அந்தக் கண்ணியத்தில் பங்கு கிடைக்காது.

உடலின் பெயர்கள்

2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு வந்தது. சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி ஆகியோரின் கவிதைகளும் அந்த ஆண்டுகளில் கவனம் பெற்றன. அப்போது எழுந்த கூச்சலை என் வயதுக் கவிஞர்கள் மறக்க மாட்டோம். விளம்பரத்துக்காக எழுதுகிறார்கள், ஆபாசம், தமிழ்ப் பண்பாட்டுக்கு இழுக்கு என்றார்கள். திரைப்பாட்டு எழுதுகிறவர்களும் கண்டித்தார்கள் என்பதுதான் வேடிக்கை. பெண்ணின் உடலை அங்கம் அங்கமாகப் பாட்டில் விற்பது தொழில். பெண் தன் உடலுக்குப் பெயர் சொன்னால் ஆபாசம்.

முலை என்ற சொல் சங்கப் பாடல்களில் இருக்கிறது, காப்பியங்களில் இருக்கிறது, பக்திப் பாடல்களில் இருக்கிறது. மதுரையை எரித்த கண்ணகியின் கதையிலிருந்து அதை எடுத்துவிட்டால் கதையே இல்லை. தொல்காப்பிய விதிப்படி பார்த்தாலும் இது மருவி நிலைத்த சொல், மறைக்க வேண்டியதில்லை. ஆண்டாளின் திருப்பாவையை மார்கழியில் ஒலிபெருக்கியில் பாடுகிற ஊர்கள், அவருடைய நாச்சியார் திருமொழியை அவ்வளவாகத் தொடுவதில்லை என்பதையும் நினைத்துக்கொள்ளலாம். சொல் பழையதுதான். சொல்கிற வாய்தான் புதியது. 'தகாதது' என்ற தீர்ப்பு வாய்க்கு எதிராகத்தான் எழுதப்பட்டது.

2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவையும் சுகிர்தராணியையும் நீக்கியது. கூடவே மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' கதையும் போனது. காவலில் வன்முறைக்கு ஆளான ஆதிவாசிப் பெண், உடுத்திக்கொள்ள மறுத்து அதிகாரியின் முன் நிமிர்ந்து நிற்கும் கதை அது. மகாபாரதத் திரௌபதிக்குச் சேலை வளர்ந்தது, சபை தப்பித்தது. இந்தத் திரௌபதி சேலையை மறுத்ததால் சபைக்கு ஒளிந்துகொள்ள இடமில்லாமல் போனது. வெளியேற்றப்பட்ட மூவரும் பெண்கள், அவர்களில் இருவர் தலித்துகள், மூன்றாமவரின் கதை ஆதிவாசியைப் பற்றியது. பாடத்திட்டமும் ஓர் அவைதான்.

நம் வசவுகள்

இதுவரை சொன்னதைக் கேட்டு, அப்படியென்றால் எந்த வார்த்தையையும் பேசலாமா, கெட்ட வார்த்தை பேசுவதுதான் விடுதலையா என்று மாணவிகள் கேட்பார்கள். வகுப்பில் கேட்டும் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

விழுப்புரம் பேருந்து நிலையத்தில் வேர்க்கடலையும் கொய்யாவும் விற்கும் பெண்களின் பேச்சைக் கேட்டிருப்பீர்கள். இடித்துக்கொண்டு போகிறவனை அவர்கள் விடுகிற வசவில் அவன் அடுத்த முறை ஒதுங்கித்தான் நடப்பான். காவல் நிலையம் தராத பாதுகாப்பை அந்த நாக்கு அவர்களுக்குத் தருகிறது. அதை அநாகரிகம் என்று முகம் சுளிக்கிறவர்கள் பெரும்பாலும் காரில் போகிறவர்கள்.

ஆனாலும் அந்த வசவுகளின் இலக்கணத்தைப் பார்க்க வேண்டும். ஆணைத் திட்ட வேண்டுமென்றால் அவன் தாயைத் தேவடியா என்கிறோம். சண்டையில் இல்லாத ஒருத்தியின் உடல்தான் அடி வாங்குகிறது. பெண்ணைத் திட்ட முண்டச்சி, அறுதலி, மலடி, தட்டுவாணி. கணவனை இழந்தது வசவு, பிள்ளை இல்லாதது வசவு, பலரோடு பழகியது வசவு. கல்வெட்டில் தேவரடியார் என்று பெயரும் நிலமும் கொடையும் கொண்டவர்கள். தேவதாசி முறைக்கு 1947இல் சென்னை மாகாணச் சட்டம் முடிவு கட்டியது. அவர்களின் பெயர் மட்டும் எல்லாத் தெருவிலும் வசவாக வாழ்கிறது. ஆக, தெருவில் நம்மைக் காக்கும் நாக்கே கற்பின் சட்டத்தைக் காசில்லாமல் அமல்படுத்துகிறது.

மரபு இதை ரசித்தும் இருக்கிறது. கல்யாண வீடுகளில் சம்பந்திகள் ஏசல் பாடுவார்கள். அங்கே வசவு உறவைத் தொடங்கும் விளையாட்டு. பள்ளு இலக்கியத்தில் மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் ஒருத்தியை ஒருத்தி ஏசுவார்கள். முக்கூடற்பள்ளில் ஒருத்தி சைவம், ஒருத்தி வைணவம், கடவுள்களும் தப்புவதில்லை. நாம் சுவைத்துப் பாடம் நடத்துகிறோம். அந்த ஏசலை எழுதியவர் பள்ளி அல்லர், படித்த புலவர். உழுகிற பெண்ணின் வாயில் வசவை வைத்துக் கேட்டு மகிழ்ந்தது புரவலரின் அவை. அவைக்கு ஆகாத சொல், ஏழைப் பெண் பேசுவதாக நடித்துக் காட்டினால் அவைக்கு இனிக்கிறது. அவளே வந்து பேசினால் சேரிமொழி.

எனவே நமக்கு வேண்டியது வேறொரு பிரிவினை. ஒழுங்கு மீறல் வேறு, அவமதிப்பு வேறு. அவையின் வழக்கத்துக்குப் புறம்பானது ஒழுங்கு மீறல். அதனால் ஒருவர் முகம் சுளிக்கலாம், யாருக்கும் தீங்கில்லை. ஒருவரின் இருப்பைக் கீழே தள்ளுவது அவமதிப்பு. அது மிக நாகரிகமான சொற்களிலும் நடக்கும். 'உங்க ஏரியாவுல இதெல்லாம் சகஜம்தானே' என்பதில் கெட்ட வார்த்தை ஒன்றுமில்லை. 'கோட்டாவுல வந்ததா?' என்பதிலும் இல்லை. தலைப்புச் செய்திகளில் வரும் 'கள்ளக்காதல்', 'தகாத உறவு' இரண்டும் அச்சில் வரத் தகுந்த சொற்கள்தாம். கொலை செய்யப்பட்ட பெண்ணைக் குற்றவாளியாக்குவதற்கு அவை போதும்.

புகாரில் விடுபடும் சொல்

இந்தப் பிரிவினை ஏட்டளவில் நிற்பதில்லை என்பது புகார் எழுதும்போது தெரியும். சட்டமும் இந்த இரண்டையும் குழப்பித்தான் வைத்திருக்கிறது. 1860இன் தண்டனைச் சட்டம் பெண்ணின் 'மாடெஸ்டி'யை, அதாவது நாணத்தை, அவமதிப்பது குற்றம் என்றது. புதிய சட்டத்தின் 74, 79 பிரிவுகளிலும் அந்தச் சொல் அப்படியே இருக்கிறது. தமிழில் அதை மானபங்கம் என்கிறோம். தவறு செய்தவன் அவன். பங்கப்பட்டது அவள் மானம். பெண்ணின் சுதந்திரமோ உடல் உரிமையோ மீறப்பட்டதாகச் சொல்லும் சொல் அங்கே இல்லை.

திண்டிவனம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஒரு மாணவி எழுதிய புகாரைப் படிக்க நேர்ந்தது. ஒன்றரைப் பக்கம். தேதி, நேரம், இடம் எல்லாம் சரியாக இருந்தன. முக்கியமான வரியில், 'என்னைப் பார்த்துச் சொல்லக் கூடாத வார்த்தை சொன்னார்' என்று எழுதியிருந்தாள். என்ன வார்த்தை என்று கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டாள். விசாரித்தவர்களில் ஒருவர், பொம்பளப் பிள்ளை அதையெல்லாம் வாயால் சொல்ல வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். சொன்னவன், நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லை, கிண்டல்தான் செய்தேன் என்றான். வார்த்தை இல்லாததால் வழக்கும் இல்லாமல் போனது.

நீதிமன்றத்தின் எதிர்பார்ப்பு இதற்கு நேர் எதிர். தமிழ்நாட்டிலிருந்து போன என்.எஸ். மதனகோபால் எதிர் கே. லலிதா வழக்கில் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், 294(பி)யின் கீழ் வெறும் வசவு போதாது, ஆபாசத்தன்மை இருக்க வேண்டும் என்றது. பேசியதாகச் சொல்லப்படும் வார்த்தைகள் ஆவணங்கள் எதிலும் இல்லை என்பதையும் குறிப்பிட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியதை, பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் திட்டியதை நிறுவ வேண்டும். 'சாதியைச் சொல்லி இழிவாகப் பேசினார்' என்ற பொதுவான வரி வழக்கைத் தாங்காது.

இப்போது முடிச்சைப் பாருங்கள். ஒழுக்கம் அவளைச் சொல்லாதே என்கிறது. சட்டம் சொல் என்கிறது. சொன்னால் வாய்த் துடுக்குக்காரி, சொல்லாவிட்டால் ஆதாரம் இல்லை. பல நூற்றாண்டுகளாக நாம் பாராட்டிப் படித்த இடக்கரடக்கல், இந்த இடத்தில் திட்டியவனுக்கு வக்கீலாக நிற்கிறது. அவன் பேசிய அசிங்கத்தை மறைக்கும் வேலையை, பேசப்பட்டவளே சம்பளமில்லாமல் செய்கிறாள். பீஷ்மர் சபையில் செய்ததும் இதுதான்: கேள்வியின் நுட்பத்தைப் பேசி, நடந்ததைப் பேசாமல் விட்டார்.

பணியிடத்தில் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் வாய்மொழித் தொல்லையையும் தொல்லை என்றே வரையறுக்கிறது. கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. மாணவிகளும் அவற்றுக்குள் வருகிறார்கள். புகாரை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் தர வேண்டும். இந்தக் கருவிகள் வேலை செய்ய ஒரு சின்ன, கடினமான காரியத்தை நாம் பழக வேண்டும். அந்த வார்த்தையை எழுத வேண்டும். மேற்கோள் குறிக்குள், அவன் சொன்னபடியே, அவன் பேச்சு வழக்கிலேயே, யார் யார் கேட்டார்கள் என்ற விவரத்தோடு. வாயால் சொல்லக் கூசினால் தாளில் எழுதித் தரலாம். மேற்கோள் குறிக்குள் இருக்கும் சொல் எழுதியவளுடையது அன்று, சொன்னவனுடையது. அதைப் படித்துவிட்டு முகம் சுளிக்கிறவர்கள் சரியான ஆளைப் பார்த்துச் சுளிக்கட்டும்.

ஆசிரியைகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. இடக்கரடக்கல் நடத்தும் வகுப்பில், அது எந்த அவைக்கான விதி என்பதையும் சேர்த்து நடத்தலாம். உள் புகார்க் குழுவில் உட்காரும்போது, அதையெல்லாம் சொல்ல வேண்டாம் அம்மா என்று கருணை காட்டாமல், நிதானமாகச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம் என்று காத்திருக்கலாம். புதிய அவை அப்படித்தான் உருவாகும். அதில் கொய்யா விற்கிறவளுக்கும் ஆய்வு மாணவிக்கும் உட்கார இடம் வேண்டும். எது தகாதது என்ற பட்டியலை அதன் பிறகு எல்லாருமாகச் சேர்ந்து எழுதிக்கொள்ளலாம்.